வலப்பக்கம் நகர்ந்த கோடு

பதினாறு வயதுப் பையன் ஒருவனை ஐந்தே மாதத்தில் 1.4 வினாடி மெதுவாக்கியிருக்கிறேன். நூறு மீட்டர் ஃப்ரீ ஸ்டைலை ஜனவரியில் 54.9 வினாடியில் முடித்தவன், ஜூனில் 56.3-இல் முடித்தான். 1.4 வினாடி என்பது வெளியாட்களுக்குக் கொசு கடிக்கிற நேரம். தண்ணீரில் அது இரண்டரை மீட்டர். ஜூன் மாதத்துப் பையன் பக்கத்து லேனில் நீந்தியிருந்தால், சுவரைத் தொடும் ஜனவரிப் பையனின் கால் கட்டைவிரலைக்கூட எட்டியிருக்க மாட்டான்.

இடையில் அவனுக்கு டெங்கு வரவில்லை. தோள் பிசகவில்லை. பரீட்சையில் தோற்கவில்லை. யாரும் தொடாமல் விட்டிருந்தால்கூட உயரம் கூடுகிற வேகத்தில் அரை வினாடியாவது குறைந்திருக்க வேண்டிய வயது. அவனுக்கு நேர்ந்தது நான்தான்.

சென்னையில் ஒரு திறந்தவெளிக் குளத்தில் இருபத்தாறு வருடமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் முதல் பாதியில், பிள்ளைகள் எவ்வளவு கடுமையாக நீந்துகிறார்கள் என்பதை அளக்க என்னிடம் இருந்தது கழுத்து நரம்பு மட்டும். செட் முடிந்ததும் விசில் அடிப்பேன். எல்லோரும் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து, சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே பத்து வினாடி எண்ண வேண்டும். முப்பது வந்தால் நிமிடத்துக்கு 180. ‘உனக்கு?’ ‘முப்பது சார்.’ ‘உனக்கு?’ ‘முப்பத்தொண்ணு சார்.’ இருபத்தாறு என்று சொன்னவனுக்கு இன்னொரு செட் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எங்கள் குளத்தில் இருபத்தொன்பதுக்குக் கீழே யாருடைய இதயமும் துடித்ததில்லை. பல வருடம் அந்த எண்களை நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

பொய் சொல்லாமல் எண்ணினாலும் குறுகிய தூர வேகத்துக்கு நாடி உதவாது. இருபத்தைந்து மீட்டரை வெறி பிடித்தாற்போல் நீந்த 12 வினாடி போதும். அதற்குள் இதயம் முழு வேகத்துக்கு வந்திருக்காது. பஸ் கிளம்பிப் போன பிறகு விசில் அடிக்கிற கண்டக்டர் மாதிரி, பின்னால் வரும். நூறு மீட்டருக்கு வந்துவிடும்தான். ஆனால் உச்சியைத் தொட்டபின் அதற்கு மேல் போக இடம் கிடையாது. கடுமை, படுகடுமை, உயிர் போகிற கடுமை எல்லாவற்றுக்கும் ஒரே எண். இதற்கு மேல் சென்னைச் சித்திரை வெயில். போட்டிக் குளத்துத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏப்ரலில் எங்கள் குளம் முப்பதைத் தாண்டிவிடும். வெந்நீரில் சும்மா நின்றாலே நாடி கூடும்.

இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான் அந்த மீட்டர் கைக்கு வந்தபோது கடவுளே வந்த மாதிரி இருந்தது. பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். சர்க்கரை பார்க்கும் கருவி மாதிரியே உள்ளங்கைக்குள் அடங்கும். ஸ்டிரிப்பின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். சில வினாடிகளில் ரத்தத்தில் எவ்வளவு லாக்டேட் என்று சொல்லிவிடும். கழுத்தைத் தொட்டுப் பொய் சொன்ன பிள்ளைகளால் இதனிடம் பொய் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

லாக்டேட் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தசை வேலை செய்யும்போது முதல் பத்து வினாடிக்குக் கையிருப்பில் உள்ள பாஸ்பேட் பொருட்களே பெரும்பாலும் ஈடுகொடுக்கும். அதற்குப் பிறகும் அதே வேகம் வேண்டுமென்றால், மூச்சில் வரும் பிராணவாயு போதாத அளவுக்கு ஆற்றல் தேவைப்படுகிறது. தசை தன்னிடம் உள்ள சர்க்கரையை அவசரமாக உடைக்கும். அந்த அவசரத்தின் மிச்சம் லாக்டேட். 1780-இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள், நம் வீட்டுத் தயிரில் இருப்பது. தசை வலிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று எங்கள் தலைமுறைப் பயிற்சியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தோம். மறுநாள் காலை வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒரு மணி நேரத்தில் அது கரைந்துவிடும். இதயமும் ஓய்வான தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் இன்றைக்கும் குளத்தோரத்தில் ‘ஆசிட் ஏறிடுச்சு’ என்பதுதான் பேச்சு.

சும்மா இருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் அது 1 மில்லிமோல் அளவில் இருக்கும். நூறு மீட்டரை முழு மூச்சில் முடித்த நல்ல வேகக்காரனுக்கு 12, 14 என்று ஏறும். நடுவில் 4 என்று ஒரு எண் உண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரில் மாடரும் அவருடைய சகாக்களும் 1976-இல் முன்வைத்தது. அந்த எண்ணைத் தொடும் வேகம் வரைக்கும் உடல் சமாளிக்கும், தாண்டினால் லாக்டேட் குவியத் தொடங்கும் என்பது கணக்கு. அது சராசரி. சிலருக்கு எல்லைக்கோடு 3-க்கும் கீழே இருக்கும், சிலருக்கு 6-க்கும் மேலே. சராசரி என்பதைப் படித்தேன். படித்துவிட்டு, குளத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் 4 என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

அந்தப் பையனை முதல்முறை அளந்தது 2014 ஜனவரி. ஆஸ்திரேலியர்கள் இருநூறு மீட்டரை ஏழு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் கூட்டி நீந்தவைத்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ரத்தம் எடுப்பார்கள். என்னிடம் அவ்வளவு ஸ்டிரிப் இல்லை. நான்கு முறை வைத்தேன். ஒரு ஸ்டிரிப்பின் விலையில் ஒரு பையனுக்கு இரண்டு நாள் காலைப் பலகாரம் வாங்கித் தரலாம்.

ரத்தம் எடுப்பதே ஒரு கூத்து. பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேறி உட்காருவான், மூச்சு இரைக்கும், உடம்பு முழுக்கத் தண்ணீர். காது மடலைத் துண்டால் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை, அது காயும் வரை பொறுமை. ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட வேண்டும், அதில் வியர்வை கலந்திருக்கும். வியர்வையிலேயே லாக்டேட் இருப்பதால் எண் எகிறும். இரண்டாவது சொட்டு முத்து மாதிரி திரண்டதும் ஸ்டிரிப்பின் நுனியைக் கிட்டக் கொண்டுபோனால் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். சரியாக அந்த நேரம் பார்த்து அவன் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுக் குளத்து நீர் காதில் வழியும். ரத்தம் நீர்த்துப்போகும், எண் இறங்கும். ஒரு சொட்டு, அவ்வளவுதான், 8 என்பது 6 ஆகிவிடும்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறேனே, அன்றைக்கு இப்படியா செய்தேன்? இல்லை. துடைத்தும் துடைக்காமலும் குத்தினேன். முழு வேக நூறு மீட்டருக்குப் பிறகு ரத்தத்தில் லாக்டேட் உச்சம் தொட மூன்று நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் வரை ஆகும், தசையிலிருந்து ரத்தத்துக்கு வர அதற்கு நேரம் வேண்டும். நான் ஒரு நிமிடத்தில் எடுத்த நாட்கள் உண்டு. ஏழு மணிக்குப் பொது பேட்ச் வந்துவிடும், அதற்குள் லேன் கயிற்றைக் கழற்ற வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து நிற்பார். உடலியலை வாட்ச்மேனின் கடிகாரத்துக்குள் திணித்தேன்.

ஆனாலும் அந்தப் பையனின் ஜனவரி அளவு ஒழுங்காகவே எடுத்தது. இருநூறு மீட்டரை 2 நிமிடம் 16 வினாடியில் நீந்தியபோது 6.8. முழு மூச்சில் நூறு மீட்டர் நீந்தியபின் ஐந்தாவது நிமிடத்தில் 13.2. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கிடையாக வேகம், நெடுக்கில் லாக்டேட். கோடு கொஞ்ச தூரம் தட்டையாகப் போய்ச் சட்டென்று தென்னை மாதிரி மேலே ஏறியது. ‘சீக்கிரம் ஏறுது பாரு. இந்தக் கோட்டை வலது பக்கம் தள்ளணும்’ என்றேன். வலப்பக்கம் நகர்ந்தால், அதே லாக்டேட்டில் கூடுதல் வேகம் என்று அர்த்தம். அப்படித்தான் எல்லாப் புத்தகமும் சொல்லியிருந்தது. அவன் தலையாட்டினான். நல்ல பையன். சொன்னதைச் செய்கிறவன். என் கெட்ட நேரம் அது, அவனுடையதும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவனுக்கு நான் கொடுத்ததைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ‘அனரோபிக் செட்’, அதாவது பிராணவாயு போதாத வேகத்துக்கான பயிற்சி, என்று பெயர் வைத்து, எட்டு நூறு மீட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அதாவது ஒரு நிமிடம் நீந்து, ஒரு நிமிடம் மூச்சு வாங்கு, திரும்பக் கிளம்பு. எல்லாமே முழு வேகத்தில் என்பது கட்டளை. முதல் நூறு 57-இல் வரும். இரண்டாவது 60. நான்காவதில் 65. ஆறாவதிலிருந்து 68, 69. கை தண்ணீரைப் பிடிக்காது, இடுப்பு தாழும், பையன் அழுகிற முகத்தோடு சுவருக்கு வருவான். நான் குளத்தோரமாகக் கூடவே ஓடிக் கத்துவேன். அவன் படுகிற பாட்டைப் பார்த்து, இதுதான் அனரோபிக், இதுதான் வேகத்தின் விலை என்று நம்பினேன்.

நம்பினேன் என்பதுகூட முழு உண்மையில்லை. நீச்சல் பயிற்சி பற்றி மேக்லிஷோ என்பவர் எழுதிய தடித்த புத்தகம் அப்போதே என் அலமாரியில் இருந்தது. வேகப் பயிற்சியை அவர் மூன்றாகப் பிரித்திருப்பார். லாக்டேட்டைத் தாங்கப் பழகுவது ஒன்று, லாக்டேட்டை உண்டாக்கப் பழகுவது இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு மீட்டர் வெடிப்பு வேகம் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி தூரம், தனித்தனி ஓய்வு. தாங்கும் பயிற்சியில் நூறு மீட்டரை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப நீந்த வேண்டுமானால் நடுவில் பல நிமிடம் ஓய்வு வேண்டும். உண்டாக்கும் பயிற்சி என்றால் இருபத்தைந்து, ஐம்பது மீட்டர்தான். அதற்கும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். ஓய்வைக் குறைத்தால் வேகம் விழும். வேகம் விழுந்தால் அந்தச் செட் பெயரில் மட்டும் அனரோபிக். உடம்புக்கு அது மூச்சுத் திணறத் திணறச் செய்கிற, பிராணவாயுவை நம்பிய ஏரோபிக் வேலை. இதைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பெருவிரல் ரேகையோடு அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

பிறகு ஏன் ஓய்வு கொடுக்கவில்லை? பெற்றோர். காலை ஐந்தரைக்குப் பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். இருபத்தைந்து மீட்டரை நீந்திவிட்டு மூன்று நிமிடம் சுவரில் தொங்கிக்கொண்டு பேசும் பிள்ளைகளை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ‘என்ன சார், இன்னிக்கு லீவா?’ என்று ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த நாளிலிருந்து ஓய்வு ஒரு நிமிடமானது. ஆறு லேனில் முப்பது பிள்ளைகளை ஒன்றரை மணி நேரத்துக்குள் நீந்தவைக்க வேண்டிய நெருக்கடியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் செய்தேன்.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது சோதனை. அதே 2:16 வேகத்தில் ஜனவரியில் 6.8 வந்தது, இப்போது 4.1. கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, விரல்கடை அளவு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு கோட்டையும் ஒரே தாளில், ஜனவரியை நீலத்திலும் ஏப்ரலைச் சிவப்பிலும் வரைந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஃபிளாஸ்க் காபிக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவனுடைய அப்பா செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தாளில் போடாத எண் ஒன்று இருந்தது. முழு மூச்சில் நூறு மீட்டர் நீந்தியபின் அளந்தது. ஜனவரியில் 13.2. ஏப்ரலில் முதல் ஸ்டிரிப் 8.7 காட்டியது. தண்ணீர் பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டு இன்னொன்று, 8.9. மற்றொரு காதில் குத்தி மூன்றாவது, 8.8. மூன்று ஸ்டிரிப்பும் ஒரே சேதியைத்தான் சொல்லின. நான்காவதைக் காதை நன்றாகப் பிதுக்கி எடுத்தேன், 10.1 வந்தது. நோட்டில் எழுதியது 10.1. பிள்ளைகள் கழுத்தைத் தொட்டுச் சொன்ன ‘முப்பது சார்’ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகு அந்த 10.1-க்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்: ‘ஆசிட் குறைஞ்சிருக்கு, உடம்பு சிக்கனமாயிடுச்சு.’

நேரம் 55.8 வந்திருந்தது. களைப்பு என்றேன். போட்டிக்கு முன்பு பயிற்சியைக் குறைத்ததும் எல்லாம் வெளியே வரும் என்றேன்.

மே மாதத்தில் ஒருநாள் பையனே வந்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பியபின், கண்ணாடியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். ‘சார், கடைசி இருபத்தஞ்சுல ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். அங்க நல்லாதான் இருக்கு. முதல் ஐம்பதுலதான் ஸ்பீடே வர மாட்டேங்குது. டைவ் அடிச்சு எழுந்ததும் இழுக்கிறேன், அதுக்கு மேல கியர் இல்லாத மாதிரி இருக்கு.’

இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக்கூடமும் சொல்லியிருக்காது. நோயாளியே நோயின் பெயரைச் சொல்கிறான். நான் அவனை அறிவிப்புப் பலகைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். ‘இதப் பாரு. உடம்பு ரெடியா இருக்கு. மனசுதான் ரெடியாகல.’ அவன் கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ‘ஓகே சார்’ என்றான்.

ஜூனில் போட்டி. முதல் ஐம்பதைத் திரும்பும்போதே ஆறாவது. 56.3. அவன் தண்ணீரிலிருந்து ஏறிவரவே ரொம்ப நேரமானது. அவனுடைய அப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: ‘கிராஃபெல்லாம் சூப்பரா இருக்கு சார். பையன்கிட்டதான் முயற்சி பத்தல.’

ஒரு மாதம் வந்தான். பிறகு பிளஸ் டூ, ட்யூஷன் என்றார்கள். நின்றுவிட்டான்.

நான் செய்ததற்குப் பெயர் தெரிந்தது அடுத்த வருடம், யான் ஓல்பிரெக்ட் என்ற பெல்ஜியக்காரரின் புத்தகத்தைப் படித்தபோது. நீச்சல்காரர்களின் லாக்டேட்டைப் படிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் சொல்வது எளிமையானது, சமையற்கட்டில் நின்ற எவருக்கும் புரியும். விறகடுப்பில் புகை குறைந்திருக்கிறது என்றால் காரணம் இரண்டாக இருக்கலாம். ஒன்று, புகைபோக்கி நன்றாக இழுக்கிறது. அல்லது அடுப்பே அணைந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் தெரியும் லாக்டேட், தசை உண்டாக்கியதில் எரித்தது போக மீதி. எரிக்கும் திறன் கூடினாலும் அந்த மீதி குறையும், உண்டாக்கும் திறன் செத்தாலும் குறையும். இரண்டிலும் கோடு வலப்பக்கம்தான் நகரும். எது நடந்தது என்று கோடு சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது, முழு மூச்சில் நீந்தியபின் லாக்டேட் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதும் ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரமும். நான் நோட்டில் திருத்திய எண், நான் களைப்பு என்று தள்ளிய எண்.

1500 மீட்டர் நீந்துகிறவனுக்கு அடுப்பு கொஞ்சம் தணிந்து எரிந்தால் நல்லதுகூட. சர்க்கரை மிச்சமாகும், கடைசி வரை தாங்கும். நூறு மீட்டர்காரனுக்கு அந்த அடுப்புதான் பிழைப்பு. ஓய்வில்லாத நூறுகளை வாரம் மூன்று நாள் கொடுத்து, அவனுடைய வேகத் தசைகளை நீண்ட தூரத்துக்குப் பழக்கிவிட்டேன். பந்தயக் குதிரையைச் செக்கில் கட்டிச் சுற்றவிட்டு, நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது என்று படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தைப் படித்த இரவு பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அவன் ஒருவன் மட்டுமில்லை. நீண்ட தூரம் நீந்தும் ஒரு பெண் இருந்தாள், பதினான்கு வயது. ஒரு காலை கடினமான செட்டுக்குப் பிறகும் 2.9-தான் காட்டினாள். அபாரம் என்று அன்றைக்கே மேல் லேனுக்கு ஏற்றிவிட்டேன். பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ராத்திரி சாப்பிடாமல் தூங்கிவிட்டாள், காலையிலும் வெறும் காபிதான் என்று அவள் அம்மா பிறகு சொன்னார். தசையில் சர்க்கரை இருப்பு இல்லாதபோது லாக்டேட்டும் உண்டாகாது. பசியைத் திறமை என்று படித்திருக்கிறேன். பதினொரு வயதுக் குழந்தைகளுக்கும் அந்த எட்டு நூறு மீட்டர் செட்டைப் பாதியாக்கிக் கொடுத்தேன். பருவம் எய்தாத உடம்பில் சர்க்கரையைப் பிராணவாயுவின்றி உடைக்கும் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, அந்த வயதில் அதைக் கசக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களில் எத்தனை பேர் நீச்சலே வேண்டாம் என்று போனார்கள் என்று நோட்டில் பார்த்தால் தெரியும். அந்தப் பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டினேன்.

மீட்டரை நான் தூக்கி எறியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். வேகக்காரர்களுக்கு முழு மூச்சில் ஒரு நூறு, பிறகு மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது நிமிடத்தில் ரத்தம், மூன்றில் உயர்ந்தது எதுவோ அதுதான் கணக்கு. அது இறங்கி, நேரமும் கூடினால் அன்றைக்கே கை வைத்த காரியத்தை நிறுத்துகிறேன். மற்றபடி தினசரி அளவுகோல் கையிலிருக்கும் ஸ்டாப்வாட்சும் வாயில் முணுமுணுக்கும் கை எண்ணிக்கையும்தான். தொடக்க மேடையிலிருந்து ஆறு இருபத்தைந்து மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டரை நிமிடம். முதலில் வந்த நேரத்தைவிட அரை வினாடி கூடினாலோ, பத்துக் கையில் வந்தவனுக்குப் பன்னிரண்டு ஆனாலோ, செட் அங்கேயே முடிந்தது. நான்காவதிலேயே முடிந்தாலும் முடிந்ததுதான். பிள்ளைகளுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. கஷ்டப்படவில்லையே என்று அவர்களுக்கே குற்ற உணர்ச்சி. அந்தப் பாடத்தை நான்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பெற்றோர் இன்னமும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். இப்போது லீவா என்று கேட்டால் ஆமாம் என்கிறேன். இரண்டு பேர் பிள்ளையை வேறு குளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பையனின் அப்பாவைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. முடி முழுக்க நரைத்துவிட்டது. பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறானாம், நல்ல சம்பளமாம். குளத்துப் பக்கமே போவதில்லையாம். ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே சொன்னார்: ‘அன்னிக்கு நீங்க சொன்னது ரொம்பச் சரி சார். இப்பவும் அவன் எதையாவது பாதியில விட்டா நான் அதைத்தான் சொல்லுவேன். உன் கோச் அப்பவே சொன்னாரு, உன்கிட்ட முயற்சி பத்தலன்னு.’

பரிமாறுகிறவர் ரசத்தோடு வந்து நின்றார். ஊற்றச் சொல்லிக் கை காட்டினேன். பையனின் அப்பாவுக்குத் தலையாட்டினேன்.